லூயி கானின் கடனும் காகிதச் சுருள்களும்

1974 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. அகமதாபாத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான், நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தின் கழிவறையில் மாரடைப்பால் விழுந்து இறந்துபோனார். வயது 73. அங்கிருந்து ரயிலேறி பிலடெல்பியாவிலுள்ள வீட்டுக்குப் போக வேண்டியவர். காவல்துறை தகவல் அனுப்பியது அவருடைய அலுவலக முகவரிக்கு. ஞாயிறன்று அங்கே யார் இருப்பார்கள்? குடும்பத்துக்குச் செய்தி எட்ட இரண்டு நாள் பிடித்தது. அதுவரை உடல் நகரப் பிணவறையில் கிடந்தது.

கானைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சாவில் தொடங்குகிறார்கள். நானும் அப்படியே தொடங்கிவிட்டேன். ஆனால் சொல்ல வந்தது, அந்த வாரத்துக்குப் பிறகு பிலடெல்பியா வால்நட் தெருவில் இருந்த அவருடைய அலுவலகத்தில் என்ன மிச்சமிருந்தது என்பதை. கணக்குப் பார்த்தபோது கடன் ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலர். உலகின் தலைசிறந்த கட்டடக் கலைஞர்களில் ஒருவர் என்று கொண்டாடப்பட்டவரின் நிலை அது. கட்டணத்தைக் கறாராக வாங்கத் தெரியாது. வரைந்து முடித்ததை மறுபடி முதலிலிருந்து வரையச் சொல்வார். அந்த உழைப்புக்குப் பணம் தர யாரும் இல்லை. வீட்டுச் செலவைப் பல ஆண்டுகள் தாங்கியது, பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆய்வு உதவியாளராக இருந்த மனைவி எஸ்தரின் சம்பளம்.

விற்பதற்கென்று அந்த அலுவலகத்தில் இருந்தவை காகிதமும் மாதிரிகளும் மட்டுமே. அவற்றைத் துண்டு துண்டாக விற்றிருந்தால் ஓவியச் சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்கியிருப்பார்கள். கரிக்கோலால் தீட்டிய அழகான தாள்கள் ஆளுக்கொரு சுவரில் மாட்டப்பட்டிருக்கும். கணக்கு வழக்குகளும் கடிதங்களும் குப்பைக்குப் போயிருக்கும். அப்படி நடக்கவில்லை. பென்சில்வேனியா மாநில அரசு அத்தனையையும் மொத்தமாக 4,50,000 டாலருக்கு வாங்கியது. அவற்றை வைத்துக் காக்கும் பொறுப்பு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் நிரந்தரமாக ஒப்படைக்கப்பட்டது. உடைமை அரசுக்கு, பராமரிப்பு பல்கலைக்கழகத்துக்கு என்ற அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது.

ஒரு மாநில அரசு, இறந்துபோன கட்டடக் கலைஞரின் கடன் அளவுக்குப் பணம் கொடுத்துக் காகிதம் வாங்கியது சரியா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், பதில் சொல்வது கடினம். ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பதிலைச் சொல்லிவிடலாம்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1901-ல் இன்றைய எஸ்டோனியாவில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோது தணல் நெருப்பின் நிறத்தில் மயங்கி அதை எடுக்கப் போய் முகமும் கையும் வெந்துவிட்டன. அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. 1906-ல் குடும்பம் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தது. படிக்கும் காலத்தில் மௌனப் படங்களுக்குத் திரையரங்கில் பியானோ வாசித்துச் சம்பாதித்தார். 1924-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பட்டம். ஆசிரியர் பால் கிரே, பிரெஞ்சு மரபுவழி வந்தவர். அதன்பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தொழிலாளர் குடியிருப்புகள், சில வீடுகள், நிறைவேறாத நகரத் திட்டங்கள். 1950-51-ல் ரோமிலுள்ள அமெரிக்க அகாடமியில் சில மாதங்கள் தங்கியபோது எகிப்துக்கும் கிரேக்கத்துக்கும் போய்வந்தார். இடிபாடுகளுக்கு முன் உட்கார்ந்து வண்ணச் சுண்ணக்கோலால் வரைந்தார். ஐம்பது வயதில்தான் அவருக்குத் தன் வழி புலப்பட்டது.

பிறகு வந்தவை இருபதே ஆண்டுகளில் வந்தவை. யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம் 1953. கலிபோர்னியாவின் லா ஜோயாவில் சால்க் ஆய்வு நிறுவனம், தொடக்கம் 1959. அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகமும் டாக்காவில் சட்டமன்ற வளாகமும் 1962-ல் கைக்கு வந்தன. எக்ஸிடர் பள்ளி நூலகம் 1971-லும் டெக்சாஸின் கிம்பல் அருங்காட்சியகம் 1972-லும் திறந்தன. கட்டி முடித்தவற்றின் பட்டியல் அவ்வளவு நீளமில்லை. வரைந்து கைவிடப்பட்டவற்றின் பட்டியல் நீளம். காகிதத்தின் மதிப்பு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சேகரிப்பில் கான் தன் கையால் வரைந்தவை மட்டும் 6,300-க்கு மேல். அலுவலகத்தில் இருந்தவர்களும் பொறியாளர்களும் வரைந்தவற்றைச் சேர்த்தால் பல்லாயிரம். நூறளவில் மாதிரிகள், ஆயிரக்கணக்கான புகைப்படங்கள், பெட்டி பெட்டியாகக் கடிதங்களும் திட்டக் கோப்புகளும். கான் கையால் வரைந்தவை மட்டும் 1987-ல் ஏழு பெரும் தொகுதிகளாக அச்சேறின.

அந்தத் தாள்கள் எப்படிப்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும், அடியிலுள்ள கோடு தெரியும் மஞ்சள் நிற டிரேசிங் தாள். சுருளாக வரும், அலுவலகத்தில் இருப்பதிலேயே மலிவானது. உதவியாளர் ஸ்கேல் வைத்துச் சுத்தமாகப் போட்ட வரைபடத்தின் மேல் கான் இந்தத் தாளை விரிப்பார். கரிக்கோலாலோ மெத்தென்ற பென்சிலாலோ தீட்டுவார், உள்ளங்கையால் அழிப்பார், மறுபடி தீட்டுவார். அதன்மேல் இன்னொரு தாள். ஒரு கட்டடம் என்பது இப்படி அடுக்கடுக்காக ஏறிய தாள்களின் குவியல். காப்பகத்துக்கு வரும்போது அடுக்கு கலைந்திருக்கும்; தேதி எழுதும் பழக்கமும் குறைவு. எது முதலில், எது பின்னால் என்பதைக் கடிதத் தேதிகளையும் கட்டடத் திட்டத்தின் மாற்றங்களையும் பொருத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மலிவுத் தாளுக்கு ஆயுளும் குறைவு. வெளிச்சம் பட்டால் பழுத்து நொறுங்கும், சுருட்டி வைத்தால் விரிக்கும்போது கிழியும், கரி விரலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தட்டையான இழுப்பறையில், ஈரப்பதம் மாறாத அறையில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

அந்த அறை இருப்பது, பிராங்க் பர்னஸ் வடிவமைத்து 1891-ல் திறந்த செங்கல் நூலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். அதே கட்டடத்தின் மேல்தளத்தில்தான் கான் தன் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். கற்றுக்கொடுத்த கூரையின் கீழேயே அவருடைய தாள்கள் வந்து சேர்ந்திருக்கின்றன.

இந்தத் தாள்கள் இல்லாவிட்டால் நமக்கு என்ன தெரியாமல் போயிருக்கும்? எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெயில் ஊரில் வளர்ந்தவர்களுக்கு உடனே புரியும்.

டாக்கா சட்டமன்றத்தையும் அகமதாபாத் வளாகத்தையும் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது, சுவரில் வெட்டிய மாபெரும் வட்டங்களும் முக்கோணங்களும் வளைவுகளும். கண்ணாடி இல்லாத திறப்புகள். கிழக்கே வந்ததும் கான் ஏதோ பழங்கோட்டைகளைப் பார்த்துச் செய்துவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டி முடித்த கட்டடங்களை மட்டும் வரிசையாக வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அமெரிக்காவில் அதற்கு முன் அவர் கட்டிய எதிலும் இந்த வடிவம் இல்லை. காகிதங்களைப் பார்த்தால் கதை வேறு. 1959-ல் அங்கோலாவின் லுவாண்டாவில் அமெரிக்கத் துணைத் தூதரகம் கட்டும் பணி அவரிடம் வந்தது. அங்கே போனபோது, வெளியே உச்சிவெயில் கண்ணைக் கூசச் செய்வதால் ஆட்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து வேலை செய்வதைக் கண்டார். வெளிச்சம் வேண்டும், கூச்சம் கூடாது. அதற்கு அவர் கண்ட வழி, சன்னலுக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி இன்னொரு சுவரை நிறுத்தி அதில் திறப்பு வைப்பது. வெயில் அந்த முன்சுவரில் மோதித் தணிந்து உள்ளே வரும். நம் பழைய வீடுகளில் தாழ்வாரம் செய்த வேலையை அந்த வெற்றுச் சுவர் செய்யும்.

லுவாண்டா கட்டப்படவில்லை. அந்த எண்ணம் சால்க் நிறுவனத்துக்காக வரைந்த கூடுகை மாளிகைக்குள் போனது: சதுர அறையைச் சுற்றி வட்டச் சுவர், வட்ட அறையைச் சுற்றிச் சதுரச் சுவர். அதுவும் கட்டப்படவில்லை. இரண்டு முறை காகிதத்திலேயே நின்றுபோன எண்ணம் மூன்றாம் முறை டாக்காவிலும் அகமதாபாத்திலும் செங்கல்லாகவும் காங்கிரீட்டாகவும் எழுந்து நின்றது. ஆப்பிரிக்காவில் கண்ட ஒரு வெயில்தான் வங்கத்துக்கும் குஜராத்துக்கும் வந்திருக்கிறது. கைவிடப்பட்ட இரண்டு திட்டங்களின் தாள்களும் இல்லையென்றால், நடுவிலிருக்கும் இரண்டு படிகள் நமக்குத் தெரியவே தெரியாது.

எருசலேமின் ஹுர்வா வழிபாட்டிடம், வெனிஸ் மாநாட்டு மண்டபம், பென்சில்வேனியாவின் மீடியா ஊரில் டொமினிக்கன் கன்னியர் மடம் என்று இப்படிக் காகிதத்தோடு நின்றவை இன்னும் பல. மடத்தின் கோப்பு மட்டும் தனிக்கதை: கன்னியர்கள் பணம் இல்லை என்று சொல்லச் சொல்ல, திட்டம் சுருங்கிச் சுருங்கி மீண்டும் மீண்டும் வரையப்பட்டு, கடைசியில் கைவிடப்பட்டது.

கட்டப்படாத ஒன்று மட்டும் அவர் இறந்து 38 ஆண்டுகள் கழித்து உயிர்பெற்றது. நியூயார்க்கின் கிழக்கு ஆற்றிலுள்ள ரூஸ்வெல்ட் தீவின் தென்முனையில், அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு நினைவிடம். 1973-ல் அறிவித்தார்கள். கான் திட்டம் வரைந்தார், இறந்தார். அடுத்த ஆண்டே நியூயார்க் நகரம் திவாலாகும் நிலைக்குப் போனது. கோப்பு மூடப்பட்டது. தூதர் வில்லியம் வாண்டன் ஹியூவல் போன்றவர்களின் விடாமுயற்சியால் பணம் திரண்டு, 2012 அக்டோபரில் அந்த இடம் திறந்தது. நான்கு ஏக்கர், குறுகிக்கொண்டே போகும் புல்வெளி, இருபுறமும் வரிசையாக மரங்கள், முடிவில் வெள்ளைக் கருங்கல்லால் ஆன, கூரையில்லாத ஓர் அறை, அதைத் தாண்டி ஆறு. ஒரு தோட்டமும் ஓர் அறையும் போதும் என்பதுதான் கானின் தொடக்க எண்ணம்.

இறந்தவரின் வரைபடத்தை வைத்துக் கட்டலாமா என்று அப்போது ஒரு வாதம் எழுந்தது. கான் கடைசி நாள்வரை மாற்றிக்கொண்டே இருப்பவர். சைட்டில் நின்று பார்த்து இன்னும் எத்தனையோ மாற்றியிருப்பார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் அவருடன் பணியாற்றியவர்களும் பின்வந்தவர்களும் சிறு அளவைக்கூடத் தாள்களைப் பார்த்தே முடிவுசெய்து கட்டியிருக்கிறார்கள். கற்களுக்கு இடையே விட்ட ஓர் அங்குல இடைவெளி வழியாக வெளிச்சக் கீற்று விழுவதைப் பார்த்தால் சந்தேகம் பாதி கரைந்துவிடும்.

டாக்காவில் காகிதம் வேறு விதமாகப் பயன்பட்டது. 1962-ல் அந்தப் பணி முதலில் சண்டிகர் நகரை வடிவமைத்த லெ கார்புசியேவிடம் போனது, அவர் மறுத்தார். கானின் பெயரை முன்வைத்தவர், அந்த மண்ணின் கட்டடக் கலைஞர் மஸ்ஹருல் இஸ்லாம். கிழக்குப் பாகிஸ்தானுக்காகத் தொடங்கிய கட்டடம், 1971 போரில் நின்று, வங்கதேசத்தின் நாடாளுமன்றமாக 1982-ல் திறந்தது. கான் அதைப் பார்க்கவில்லை. அவர் இறந்தபின் ஹென்றி வில்காட்ஸ் முதலான பழைய ஊழியர்கள் தாள்களை வைத்துத்தான் முடித்தார்கள். பளிங்குப் பட்டைகளைக் கவனியுங்கள்: காங்கிரீட் சுவரில் ஐந்து அடிக்கு ஒரு முறை குறுக்கே ஓடும். மூங்கில் சாரத்தில் ஏறித் தலைச்சுமையாகக் கொட்டும் ஆட்களால் ஒரு நாளில் எழுப்ப முடிந்த உயரம் ஐந்து அடி. ஒரு நாள் கொட்டியதும் மறுநாள் கொட்டியதும் சேரும் இடம் அசிங்கமாகத் தெரியும். அதை மறைக்க முயலாமல் அங்கே ஆறு அங்குலப் பளிங்கு வைத்தார். அந்தச் சுவரில் கூலியாட்களின் ஒவ்வொரு நாளும் கோடு கோடாகப் பதிந்திருக்கிறது.

2016-ல் வங்கதேச அரசு எண்ணூறுக்கும் மேற்பட்ட வரைபடங்களின் பிரதிகளைப் பிலடெல்பியாவிலிருந்து வரவழைத்தது. வளாகத்தில் கானின் திட்டத்தில் இல்லாத கட்டுமானங்கள் பின்னாளில் சேர்ந்திருந்தன. அவற்றை நீக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். நீக்க வேண்டியவற்றில் முன்னாள் அதிபர் ஜியாவுர் ரஹ்மானின் சமாதியும் பேசப்பட்டதால், அவருடைய கட்சி அதை அரசியல் பழிவாங்கல் என்றது. இரு தரப்பும் மோதிக்கொண்டது, 1974-ல் இறந்த ஒருவரின் கோடுகளை நடுவில் வைத்துக்கொண்டு. வரைபடம் சாட்சி சொல்லும்; தீர்ப்பு யார் எழுதுவது என்பது வேறு விஷயம். ஒரு தேசம் தன் நாடாளுமன்றத்தின் மூலவரைபடத்தைத் தேடி அட்லாண்டிக்குக்கு அப்பால் போக வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு அதைவிட உறுத்துகிறது.

அகமதாபாத்தில்தான் இந்தச் சேகரிப்பின் எல்லை தெரிகிறது. விக்ரம் சாராபாயும் கஸ்தூர்பாய் லால்பாயும் மேலாண்மைக் கழகத்தை உருவாக்கியபோது, கானை அழைக்கச் சொன்னவர் அகமதாபாத்தின் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி. பணி காகிதப்படி தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெயரில், கான் ஆலோசகர். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு நிலவிய காலம். ஆகவே கட்டுமான வரைபடங்களில் பெரும்பகுதி அகமதாபாத்திலேயே தயாரானது. தோஷியும், பிலடெல்பியாவில் கானிடம் பணியாற்றித் திரும்பிய அனந்த் ராஜேயும், அவர்களோடிருந்த இளைஞர்களும் வரைந்தார்கள். செங்கல்லிடம் நீ என்னவாக விரும்புகிறாய் என்று கேட்டால் வளைவாக விரும்புகிறேன் என்று சொல்லும் என்று கான் மாணவர்களிடம் சொன்னதை உலகமே திரும்பத் திரும்பச் சொல்கிறது. அந்த வளைவை இழுத்துக் கட்டும் காங்கிரீட் உத்திரத்தின் மேல் எந்தச் செங்கல் எந்தச் சாய்வில் உட்கார வேண்டும் என்பதைத் தீர்த்தது சைட்டில் நின்றவர்களும் கொத்தனார்களும். அதில் எவ்வளவு தாளில் ஏறியிருக்கும்?

2020 டிசம்பரில் அந்தக் கேள்வி திடீரென்று அவசரமாகிவிட்டது. 18 மாணவர் விடுதிகளில் 14-ஐ இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. செங்கல்லுக்குள் இருந்த இரும்பு துருப்பிடித்து உப்பி, சுவரைப் பிளந்திருந்தது. 2001 நிலநடுக்கம் விட்டுப்போன காயமும் உண்டு. உலகெங்கிலுமிருந்து எதிர்ப்பு வந்தது. 2021 ஜனவரி முதல் நாளில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2022 நவம்பரில், பழுதுபார்ப்பது நிலைக்காது என்று சொல்லி, சில பகுதிகளை இடித்து மறுகட்டுமானம் செய்யும் முடிவு மீண்டும் வந்தது. இதற்கிடையே அதே வளாகத்தின் விக்ரம் சாராபாய் நூலகத்தை, மும்பைக் கட்டடக் கலைஞர் பிருந்தா சோமையாவின் நிறுவனம் செங்கல் செங்கல்லாகச் சீர்செய்து 2019-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது பெற்றிருந்தது. முடியும் என்பதற்கு அந்த நூலகமே எதிரில் நிற்கிறது. விடுதி மாணவர்களின் பாதுகாப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. தலைக்கு மேல் காரை உதிரும் அறையில் பிள்ளைகளைத் தங்கவைக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் எந்தச் சுவர் எப்படிக் கட்டப்பட்டது, எங்கே எதற்காக இரும்பு வைத்தார்கள் என்பதை ஒரே இடத்தில் சொல்லும் முழுக் கோப்பு இல்லாத நிலையில், இடிப்பதே எளிது என்று தோன்றிவிடும். லா ஜோயாவில் சால்க் நிறுவனத்தின் தேக்குச் சன்னல்கள் பூஞ்சை பிடித்துக் கறுத்தபோது, லாஸ் ஏஞ்சலிஸின் ‘கெட்டி’ (Getty) கலைப்பொருள் பாதுகாப்பு நிறுவனம் 2013-ல் ஆய்வைத் தொடங்கிப் பழைய வரைபடங்களையும் மரத்தையும் அக்கக்காகப் பார்த்தது. மரத்தில் பெரும்பகுதியை அப்படியே காப்பாற்ற முடிந்தது. அந்த வசதி ஒரே ஆளின் இரண்டு கட்டடங்களுக்கு ஒரே அளவில் கிடைக்கவில்லை.

இந்தியாவில் கட்டடக் கலைஞரின் அலுவலகம் மூடும்போது என்ன ஆகிறது என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சுருள்கள் பரண்மேல் ஏறும், ஒரு மழைக்காலத்தில் கரையான் ஏறும், பிறகு எடைக்குப் போகும். மும்பைக் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தன் வாழ்நாள் வரைபடங்களை லண்டனிலுள்ள பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்துக்குக் கொடுத்தார். காந்தி ஆசிரமத்தில் அவர் கட்டிய அருங்காட்சியகத்தின் கோடுகளைப் பார்க்க சபர்மதிக்காரர் விசா எடுக்க வேண்டும். அவரைக் குறைசொல்ல நான் யார்? இழுப்பறையும் குளிர்ந்த அறையும் அதைத் திறந்து காட்டும் ஆளும் அங்கே இருந்தார்கள். அகமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழகம் இப்போது காப்பகம் ஒன்றை நடத்துகிறது. நகரத்தின் கட்டடக் கலைஞர்களுடைய தாள்கள் அங்கே சேரத் தொடங்கியிருக்கின்றன.

அனந்த் ராஜே 2009-ல் இறந்தார், தோஷி 2023 ஜனவரியில். அகமதாபாத் வளைவுகளின் கீழ் கானோடு நின்று பேசியவர்கள் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். அந்தச் செங்கல்லை வைத்த கொத்தனார்களின் பெயர்கள் எந்தப் பெட்டியிலாவது, ஒரு கூலிப் பதிவேட்டிலாவது இருக்கின்றனவா என்று அங்கே யாராவது இப்போதே தேட வேண்டும்.